மாமியின் இரண்டு டிரம்

திலக் நகரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் முதல் மாடி மாமி, பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டு, வீடு வீடாக எலுமிச்சைத் தோலும் ஆரஞ்சுத் தோலும் கேட்டு வாங்கினாள். வெல்லமும் தண்ணீரும் சேர்த்து மூன்று மாதம் புளிக்கவைத்தால் தரை துடைக்கும் என்சைம் ஆகிவிடுமாம். இதில் எல்லாரும் ஒன்று என்று லெக்சர் வேறு. நானும் முட்டாள்தனமாக தினமும் தோலைச் சேர்த்துக் கொடுத்தேன்.

ஒருநாள் அவள் பால்கனியில் இரண்டு டிரம் இருப்பதைப் பார்த்து, ஏன் என்று கேட்டேன்.

"சின்னது எங்காத்துத் தோல், பூஜை ரூம் துடைக்க. பெரிசு நீங்கள்லாம் குடுத்தது, பாத்ரூமுக்கு. எச்சில் பட்டிருக்குமோல்லியோ," என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

மறுநாளிலிருந்து எங்கள் தோலைக் குப்பை வண்டியில் போடுகிறேன். வண்டி, யார் வீட்டுத் தோல் என்று கேட்பதில்லை.