கைப்பிடி இல்லாத கதவு

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை அடுக்கிய குடோன்கள் ஒவ்வொன்றாகக் காப்பிக் கடையாக மாறியபோது, சாப்பாட்டுக் கடை நடத்தும் எனக்கும் புத்தி கெட்டது. கலூரில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு இன்டீரியர் ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டேன். வந்தவர் லேசர் கருவியால் சுவரை அளந்தார். ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டாரா? இல்லை. ஹாலில் இருந்த கைகழுவும் தொட்டியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சேட்டா, கஸ்டமர் உள்ளே கேறி வரும்போ மத்தவன் வாய் கொப்பளிக்கிறதையா காணணும்? இதை மறைக்கணும்."

மறைத்தார். தொட்டிக்கு முன்னால் வெள்ளைப் பலகைச் சுவர். அதில் ஒரு கதவு உண்டு. கைப்பிடி இல்லை, எழுத்தும் இல்லை. சரியான பலகையைத் தள்ளினால் திறக்கும். இதற்குப் பெயர் 'கிளீன் லுக்'.

கடையை மறுபடி திறந்த அன்று மதியம், மிச்சமிருந்த குடோன்களில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் வந்தார்கள். என் கடை ஓடுவதே அவர்களால்தான். மீன்கறியைப் பிசைந்து தின்றுவிட்டு, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி திருதிருவென்று நின்றார்கள்.

"அண்ணே, பைப்பு எவிடெ? வித்துத் தின்னுட்டியா?" என்றார் அவர்களில் மூத்தவர்.

"அந்தச் சுவரைத் தள்ளுங்க."

"சுவரைத் தள்ளவா? மூட்டை தூக்குறது பத்தாதுன்னு இதுவுமா?"

ஆளுக்கொரு பலகையைத் தள்ளினார்கள். சாயங்காலம் வெள்ளைச் சுவர் முழுக்க மஞ்சள் கைத்தடம். ஆர்க்கிடெக்டிடம் சொன்னேன். "ஸ்பூன் கொடுத்தா மதி சேட்டா, கையே கழுவ வேண்டா" என்றார். மீன்முள்ளை ஸ்பூனால் எடுக்கும் வித்தையையும் அவரே வந்து சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அந்த வாரமே சுமட்டுக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். என் கடைக்கு வந்தவர்கள் ஆர்க்கிடெக்ட் தொங்கவிட்ட விளக்கைப் படம் பிடித்தார்கள், ஒரு லெமன் டீயை மதியம் முழுக்கக் குடித்தார்கள். தினமும் சோறு மிஞ்சியது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்றாள் மனைவி.

பிளம்பரை அழைத்து, வாசலை ஒட்டியே தொட்டியை வைத்தேன். ஆர்க்கிடெக்ட் போனில் கத்தினார்.

"என்ட டிசைன் மொத்தம் நாசமாயி!"

"ஆகட்டும் சாரே. இங்க சோறு நாசமாகுது. வந்து தின்னுறீங்களா?"

போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மதியம் அந்த மூத்தவர் வாசலில் நின்று குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது. பின்னால் திரும்பிக் கையசைத்தார். கூட்டம் உள்ளே வந்தது. இலை போட்டு, சோறு விழுந்து, இரண்டு வாய்தான் உள்ளே போயிருக்கும்.

"அண்ணே, கறில உப்பே இல்ல. அதையும் மறைச்சு வெச்சிட்டானா உன் ஆளு?" என்றார் மூத்தவர்.

அடுக்களையிலிருந்து மனைவி என்னைத்தான் திட்டினாள். உப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.