வயரைப் பார்க்காமல் ஆளைக் குறை சொன்னேன்

மூணு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஆடி மாசம். விராலிமலையில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டு, புதுசாக ஸ்கேனர் வாங்கியிருந்தேன். வண்டியில் சொருகினால் என்ன கோளாறு என்று திரையில் காட்டிவிடும். அது கைக்கு வந்ததிலிருந்து யார் சொல்வதையும் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை.

பக்கத்து ஊர் தனியார் பள்ளி வேன் ஒன்று அடிக்கடி வரும். மஞ்சள் விளக்கு எரியும், வண்டி இழுக்காமல் திணறும். சைலன்ஸரில் சூடு அளவுக்கு மீறிப் போகிறது என்று ஸ்கேனர் சொல்லும். ஸ்கேனரிலேயே அந்தப் பதிவை அழித்துவிட்டு அனுப்புவேன். நாலு நாளில் திரும்ப வந்து நிற்கும். வேனை ஓட்டியவர் என்னைவிட மூத்தவர், அந்தப் பள்ளியில் பத்து வருஷமாக இருந்தவர். குண்டும் குழியுமான ரோட்டில்தான் விளக்கு எரிகிறது, நல்ல ரோட்டில் எரிவதில்லை என்று ரெண்டு தடவை சொன்னார். சரிங்கண்ணே என்று தலையாட்டியதோடு சரி.

அடுத்த வாரம் பிள்ளைகளோடு நாலுவழிச் சாலையைக் கடக்கும்போது வேன் திணறி நடுவிலேயே நின்றுவிட்டது. எதிரே வந்த லாரி மயிரிழையில் பிரேக் பிடித்து நின்றதாம். பெற்றோர் பள்ளிக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். தாளாளர் எனக்கு போன் செய்து என்னதான் கோளாறு என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"வண்டியில ஒண்ணுமில்லைங்க. ஓட்டுறதுலதான் தப்பு. கியர் மாத்தாம மிதிச்சு மிதிச்சு சூடேத்துறாரு" என்றேன்.

மறுநாளே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

புது டிரைவர் வந்தார். ஒரே மாதத்தில் அதே வேன், அதே விளக்கு. இந்தத் தடவை சாயங்காலமே வண்டியை விட்டுப் போகச் சொல்லி, ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரைப் பார்த்தால், எழுநூறு டிகிரி என்றது. கீழே படுத்து சைலன்ஸரைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. சூட்டை அளக்கிற சென்சாரின் வயர் ஒரு கிளாம்பில் உரசி உரசித் தோல் போயிருந்தது. விரலால் நகர்த்தினால் முப்பதுக்கு இறங்கியது, விட்டால் எழுநூறு. குழியில் வேன் குலுங்கும்போதெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது; அந்தப் பொய்ச் சூட்டை நம்பி இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்திருக்கிறது.

தாளாளரிடம் சொன்னேன். வேறு ஆள் போட்டாச்சே, இனி அதைப் பேசி என்ன என்று போனை வைத்துவிட்டார்.

குன்றாண்டார்கோவில் பக்கம் அந்த டிரைவரின் வீட்டைத் தேடிப் போனேன். பிள்ளைகளை நடுரோட்டில் நிறுத்தினவர் என்ற பேச்சு பரவி, எந்தப் பள்ளியும் அவரைச் சேர்க்கவில்லை. ரைஸ்மில்லில் மூட்டை இறக்கப் போய்க்கொண்டிருந்தார். அதே பள்ளியில் பத்தாவது படித்த மகள், கூடப் படித்தவர்களின் கேலி தாங்காமல் பாதியிலேயே வேறு பள்ளிக்கு மாறியிருந்தாள்.

நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன். கடைசிவரை கேட்டார்.

"இத எங்கிட்ட எதுக்கு தம்பி சொல்றீங்க? அன்னைக்கு என்னையச் சொன்ன எடத்துல போய்ச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன் என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டவர் மாதிரி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போதெல்லாம் ஓட்டுகிறவர் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் ஸ்கேனரை எடுக்கிறேன். பொறுமையான மெக்கானிக் என்று நாலு பேர் சொல்லவும் செய்கிறார்கள், ஆனால் அந்தப் பொறுமை யாருடைய பிழைப்பைக் கெடுத்து எனக்கு வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.