பலகையில் இருந்த பென்சில் குறி

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். கல்முனைக்குடியில், மேசை கதிரை விற்கிற என் தளபாடக் கடைக்குப் பின்னால் இருக்கிற பட்டறையில் நடந்த விஷயம் இது. இதுவரைக்கும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் வெட்கக்கேடு எனக்குத்தான்.

அந்த வருஷம்தான் கொழும்பிலிருந்து ஒரு சி.என்.சி. மெஷினை லொறியில் கொண்டுவந்து இறக்கினேன். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுக் கொடுத்தால் போதும், கட்டர் தானாக ஓடிப் பூவும் கொடியும் கொத்தும். விற்ற ஆள் அரை மணித்தியாலம் காட்டித் தந்துவிட்டுப் போய்விட்டார். நானோ உளி பிடித்துப் பழகினவன். முதல் கிழமையிலேயே ஆறேழு கட்டர் முறிந்தது. முறியாத நேரம் பலகை கருகியது. பட்டறை முழுக்கப் புகை.

அப்படி ஒரு நாள் வாசலில் ஒருவன் சைக்கிளோடு வந்து நின்றான்.

“நானா, உங்கட மெஷின் கத்துற சத்தம் ரோட்டுக்குக் கேக்குது. கட்டர் சுத்துற வேகம் கூட, நகருற வேகம் காணாது. அதான் கருகுது” என்றான். எங்கட பக்கத்தில் முஸ்லிம் ஆம்பிளைகளை அண்ணன் மாதிரி நானா, காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பாண்டிருப்புத் தமிழ் ஆள். கட்டாரில் ஏழு வருஷம் இதே மாதிரி மெஷினில் வேலை செய்தவனாம். உள்ளே வந்து இரண்டு இலக்கத்தை மாற்றினான். மெஷின் சத்தம் அடங்கிப்போனது. பாண்டிருப்பு எங்கட முஸ்லிம் ஊருக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனால் தமிழரும் நாங்களும் ஆளையாள் நம்பாத அந்த நாளில் அந்தக் கூப்பிடு தூரத்தைக் கடக்க எவ்வளவு யோசித்தோம் என்பது எங்கட பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். சம்பளம் என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்டேன். “அதப் பொறகு பாப்பம் நானா. சும்மா வீட்ட இருந்தா விசர் புடிக்குது” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா வந்து உழைக்கிறவன் உலகத்தில் இருக்கிறானா? அவன் வேலைக்கு நடுவில் போனை எடுத்துப் படம் பிடிப்பான். போகும்போது பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் குத்தி எதையோ ஏற்றிக்கொண்டு போவான். டிசைனைக் களவெடுத்துத் தனக்கொரு கடை போடப் போகிறானா? இல்லாவிட்டால் யாருக்காவது தகவல் கொடுக்கிறானா? ஆர் ஆருடைய ஆள் என்று தெரியாத காலம் அது. நான் மரம் அரிகிற மாதிரிப் பாவனை பண்ணிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த நேரத்தில்தான் என் அக்காவின் புருஷன், மச்சான், ஒரு பலகையைக் கொண்டுவந்தார். முதிரை மரம், ஒற்றைப் பலகை. ராத்தா என்று நான் கூப்பிடுகிற அந்த அக்காவின் வீட்டு முன்கதவு. சுனாமியில் ராத்தா மௌத்தாகிவிட்டா. வீட்டில் ஒரு கல்லும் மிஞ்சவில்லை. அந்தக் கதவை மட்டும் வயல் பக்கத்தில் சேற்றுக்குள்ளிருந்து எடுத்தோம். எங்கட வழக்கத்தில் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். உம்மாவின் வீடு மகளுக்குப் போகும். ராத்தாவின் மகளுக்குப் போக அந்தப் பலகையைத் தவிர வேறொன்றுமில்லை. மச்சான் புதுசாகக் கட்டுகிற வீட்டுக்கு அதிலேயே பூக்கொடி கொத்திக் கதவாகப் போட வேண்டும் என்றார்.

“கவனம் மச்சான். இது போனா இன்னொண்டு இல்ல” என்று சொல்லிக்கொண்டே பலகையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினோம். பலகையை மெஷின் மேசையில் இறுக்கிப் பூட்டியதும் அவன் பென்சிலால் ஓரத்தில் ஒரு சிலுவைக் கோடு போட்டான். அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக இலக்கங்கள் எழுதினான். மெஷின் மேசையிலும் அப்படியே ஒன்று போட்டு, இரும்பு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படமும் பிடித்தான்.

பக்கத்து டயர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு என் காதுக்குள் குசுகுசுத்தார். “என்ன காக்கா, கோடும் நம்பரும்? மந்திரம் கிந்திரமா இருக்கப் போகுது.” அவர் பாதி பகிடியாகத்தான் சொன்னார். எங்கட கரையில் மந்திரக் கதை கேட்டு வளராதவன் யார்? அதுவும் மௌத்தான என் ராத்தாவின் கதவில்!

பாதிக் கொடி கொத்தி முடியும்போது ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. மெஷினை இடையில் நிறுத்தினான்.

“நானா, மெயின் கரண்ட மட்டும் நிப்பாட்டிராதீங்க. நீங்க தொழுதுட்டு வாங்க, நான் இதுக்குள்ளயே இருக்கன்” என்றான்.

ஏன் தனியாக இருக்கப் பார்க்கிறான்? “இல்ல, நீயும் போய்ச் சாப்பிட்டுட்டு வா” என்று அவனை அனுப்பினேன். அவன் அந்தப் பக்கம் போனதும் மணல் பேப்பரை எடுத்து அந்தக் குறிகளைத் தேய்த்து அழித்தேன், பிஸ்மி சொல்லித்தான் அழித்தேன். அவன் வேண்டாம் என்றதாலேயே மெயின் சுவிட்சையும் நிறுத்தினேன், பட்டறைக்குப் பூட்டுப் போட்டேன். பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று சத்தியமாகத் தெரியாது. மனசெல்லாம் பட்டறையில்.

தொழுகை முடிந்து வந்தேன். அவன் இன்னும் வரவில்லை. அவனில்லாமலே செய்து காட்டுகிறேன் பார் என்று ஒரு வீறாப்பு வந்தது. கரண்டைப் போட்டேன், தொடங்கும் பொத்தானை அமுக்கினேன். கட்டர் கொடிப் பக்கமே போகவில்லை. நேரே கீழ்மூலைக்குப் போய்ப் பலகைக்குள் இறங்கியது. சிவப்புப் பொத்தானில் அடிப்பதற்குள் ஒரு விரல் நீளத்துக்குக் குழி விழுந்துவிட்டது. யா அல்லாஹ்! ராத்தாவையே வெட்டிப்போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்து அவன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

“என்னடா செஞ்சி வெச்சிருக்காய் என்ட ராத்தாட கதவுக்கு? ஆர்றா உன்ன அனுப்பின?” என்று கத்தினேன். டயர்க் கடைக்காரரும் ஓடி வந்துவிட்டார்.

அவன் மெஷினைப் பார்த்தான். மெயின் சுவிட்சைப் பார்த்தான். குறி இருந்த இடத்தில் மணல் பேப்பர் தேய்த்த வெள்ளையை விரலால் தடவினான்.

“கரண்ட் போனா மெஷினுக்குத் தான் நிண்ட இடம் மறந்துரும் நானா. எந்த இடத்துல இருந்து தொடங்கினதெண்டு தேடிப் புடிக்கத்தான் அந்தக் குறி. இங்க கரண்ட் எப்ப போகுமெண்டு தெரியாதே. அழிஞ்சாலும் எண்டுதான் ஒவ்வொரு நாளும் போட்டோ எடுக்கிறன், செட்டிங் எல்லாம் பென் டிரைவ்ல ஏத்துறன்” என்றான்.

டயர்க் கடைக்காரர் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்.

அவன் போனில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, அடிமட்டத்தால் அளந்து, தொடக்க இடத்தைத் திரும்பக் கண்டுபிடித்தான். ஒரு சின்ன மரத்துண்டில் ஓட்டிச் சரிபார்த்தான். பிறகு கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து, கொடியின் கீழ்முனையை இழுத்து வளைத்து, அந்தக் குழியை நடு நரம்பாக வைத்து ஒரு இலை வரைந்தான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது கட்டர் அந்த இலையைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்று அழுதேன். மறைக்கவும் முடியவில்லை.

சைக்கிளில் ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னான். “என்னட்ட கேட்டிருக்கலாமே நானா.”

திங்கட்கிழமை அவன் வருவானா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தான். பட்டறைப் பூட்டின் இரண்டு திறப்பில் ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “ஓம், வேலையப் பாப்பம்” என்றான், அவ்வளவுதான்.

இப்போது என் மருமகளுக்கு, ராத்தாவின் மகளுக்கு, இரண்டு பிள்ளைகள். அந்தக் கதவின் வலப்பக்கக் கொடியில் ஏழு இலை, இடப்பக்கக் கொடியில் எட்டு. அது அழகுக்காகப் போட்டது என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், ஸலாம் சொல்ல முதல், என் கை அந்த எட்டாவது இலையைத் தொட்டுவிடுகிறது. ஒருவன் மேல் மனசில் சந்தேகம் எழும்பினால், இப்போது நான் முதலில் அவனிடமே போய்க் கேட்டுவிடுகிறேன்.