அம்மாளாச்சியும் என் ராஜினாமாக் கடிதமும்

அன்பான அடியார்களே, 2007ஆம் ஆண்டு மாசி மாதம். லண்டன் டூட்டிங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக் கதவால் ஒரு கடிதம் விழுந்தது. வேலை இல்லாதவர்களுக்குப் பெனிபிட் என்ற உதவிப் பணம் தரும் அரசு அலுவலகமான ஜொப் சென்டரில் இருந்து வந்தது. உங்கள் வேலையை நீங்களாகவே விட்டிருக்கிறீர்கள், அதனால் பல மாதங்களுக்கு உங்களுக்குப் பெனிபிட் இல்லை என்று அதில் இருந்தது. நான் அதை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அதையேதான் சொன்னது. அந்த வாரமே எங்கள் பகுதி நகரசபையான கவுன்சிலும் எழுதியது. வாடகைக்குத் தந்துவந்த உதவியை நிறுத்தியிருந்தார்கள்.

என் மனைவி வசந்தி சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். "இஞ்சேருங்கோ, வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவினமோ?" என்று கேட்டாள். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது? குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் வேலையை விட்ட கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், இப்போது நானும் சிரிக்கிறேன்.

பக்கத்து ஊரான சட்டனில் குலம் அண்ணையின் பெற்றோல் நிலையத்தில் நான் பல வருடம் கல்லாவில் நின்றவன். எனக்கு விசா கிடைத்த கையோடு, ஆங்கிலம் தடுமாறிய என்னை நம்பிக் கடைத் திறப்பைத் தந்தவர் அவர். எங்கள் கலியாணத்துக்கு முன்வரிசையில் இருந்தவர். பக்கத்தில் பெரிய சுப்பர்மார்க்கெட் ஒன்று பெற்றோல் விற்கத் தொடங்கிய பிறகு எங்களிடம் கார்கள் குறைந்தன. மார்கழி மாதம் ஒருநாள் என்னைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பிஸ்கட் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, இனி உமக்குச் சம்பளம் தர ஏலாது. மகளின்ரை கலியாணப் பேச்சு நடக்குது. குலம் ஆக்களை நிப்பாட்டுறானாம் எண்டு கதை போனால் எல்லாம் குழம்பிப் போகும். நீராய் வேலையை விட்டு நிக்கிறதெண்டு ஒரு கடிதம் எழுதித் தாரும்."

"அதுக்கென்ன அண்ணை, இப்பவே எழுதித் தாறன்" என்றேன்.

சும்மா இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் கடிதம் எழுதுவதில் சூரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கடிதத்துக்குப் பரிசு வாங்கியவன் அல்லவா! கல்லாவில் நின்றபடியே ஒரு பக்கம் நிரப்பினேன். அவருடைய பெருந்தன்மையைப் புகழ்ந்தேன். கடைசியில், என் சொந்த விருப்பத்தில், முழு மனதோடும் மகிழ்ச்சியோடும் இந்த வேலையில் இருந்து விலகுகிறேன் என்று முடித்துக் கையெழுத்தும் போட்டேன். அண்ணை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

பிறகு பெனிபிட்டுக்கு விண்ணப்பித்தேன். முதலில் போன் பண்ண வேண்டும். எடுத்தால் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போகும். என் மூத்தவள் அந்தப் பாட்டை மனப்பாடமாக்கி வீடெல்லாம் பாடித் திரிந்தாள். அதற்குப் பிறகு நேர்முகம். ஏன் வேலையை விட்டீர்கள் என்று அங்கிருந்த அதிகாரி அம்மா கேட்டார். என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அண்ணையின் மானம் போகும். பொய் சொல்ல நாக்கு வராது. "என் முதலாளி மிகவும் நல்லவர்" என்றேன். அவர் திரும்பக் கேட்டார். "மிக மிக நல்லவர்" என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அவர்களது வழக்கப்படி முதலாளியிடமும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். குலம் அண்ணை என் கடிதத்தின் பிரதியை அனுப்பிவிட்டார். இதற்குமேல் அவர்களுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் சிவமலர் அக்காவிடம் வந்த கடிதங்களையும் என் கடிதத்தின் நகலையும் கொண்டுபோனேன். அவர் என் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐசே, 'மகிழ்ச்சியோடு' எண்டு ஏன் போட்டனீர்? வேலை போறதுக்கு ஆரும் மகிழ்ச்சிப்படுவினமோ?"

"எழுத்து வடிவா இருக்கட்டும் எண்டு போட்டனான் அக்கா."

"வடிவாத்தான் கிடக்கு. பிரேம் போட்டுச் சுவரிலை தொங்கவிடும்."

ஏசினாலும் வழி சொன்னார். ஒரு பெனிபிட் நின்றால் மற்றதும் சேர்ந்து நிற்கும், ஆனால் கையில் வருமானம் இல்லை என்று கவுன்சிலுக்குத் தனியாக அறிவித்தால் வாடகை உதவியைத் திரும்பப் பார்ப்பார்கள். அது எனக்குத் தெரியாது. அங்கேயே அந்தப் படிவத்தை நிரப்பினோம். ஜொப் சென்டர் முடிவையும் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அதற்கு ஒரு மாதம்தான் தவணை. "குலத்தாரை உண்மையைச் சொல்லச் சொல்லும். அவர் சொன்னால் காணும்" என்றார்.

அதுதான் என்னால் முடியவில்லை. போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். அண்ணையின் மகளை நான் சின்னப் பள்ளிக்கூட உடுப்போடு பார்த்தவன். என் வாயால் அவளின் கலியாணம் குழம்பினால்? ஆனால் என் பிள்ளைகள்? வசந்தி தன் காப்பைக் கழற்றி, அடகுக்கு என்று மேசையில் வைத்தாள். அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் அம்மன் கோயிலுக்குப் போனேன். அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. நான் கும்பிடப் போகவில்லை, சண்டை பிடிக்கத்தான் போனேன். "அம்மாளாச்சி, நான் பொய்யும் சொல்ல மாட்டன், அந்த மனிசனைக் காட்டிக் குடுக்கவும் மாட்டன். என்ரை பிள்ளையளைத் தெருவிலை விடவும் ஏலாது. மூண்டும் ஒண்டாய் நடக்க ஒரு வழி எனக்குத் தெரியேல்லை. நீயே பார்" என்றேன். வழி விட்டால் தேருக்குப் பின்னால் உருண்டு பிரதட்டை பண்ணுவேன் என்று நேர்த்தியும் வைத்தேன். ஒரு பூவும் விழவில்லை. ஒரு பல்லியும் சொல்லவில்லை. பிரசாதமாகப் புக்கை தந்தார்கள், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் கோயிலிலேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசல் மணி அடித்தது. திறந்தால் குலம் அண்ணை. கழுத்துப் பட்டியெல்லாம் கட்டியிருந்தார், ஆனால் ஆள் பாதியாய் இளைத்துப் போயிருந்தார். வசந்தி தேத்தண்ணி கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தம்பி, கடையைப் பூட்டியாச்சு. எல்லாம் முடிஞ்சுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உந்தப் பெனிபிட் ஒப்பீஸுக்கு எப்பிடிப் போறது? நான் ஒருநாளும் போகேல்லை. உமக்குத்தான் தெரியும் எண்டு வந்தனான்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அடியார்களே, யாரிடம் போய் வாய் திறக்க முடியாமல் நான் தவித்தேனோ, அந்த மனிதரையே அம்மாள் என் வீட்டுக் கதிரையில் கொண்டுவந்து இருத்தியிருந்தாள்!

"கலியாணப் பேச்சு?" என்று மெல்லக் கேட்டேன்.

"பிள்ளை தானே போய்ப் பொடியனுக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கிங்ஸ்பரியிலை இருக்கினம். தகப்பன் போன் எடுத்து, 'நாங்களும் இந்த நாட்டுக்கு ஒரு பெட்டியோடை வந்தனாங்கள்தான், நாள் வையுங்கோ' எண்டுட்டார். நான்தான் வீணாய் மறைச்சுத் திரிஞ்சிருக்கிறன்." அப்போதுதான் அவர் தேத்தண்ணியைக் குடித்தார். "அது கிடக்கட்டும். உமக்குப் பெனிபிட் ஒழுங்கா வருதுதானே?"

வசந்திதான் சொன்னாள். "வரேல்லை அண்ணை. இவர் எழுதின கடிதத்தைப் பார்த்து வெட்டிப்போட்டினம்."

அண்ணை எழும்பி நின்றுவிட்டார். "என்ன சொல்லுறியள்? நான் அதைப் பெருமையா எல்லோ அனுப்பினனான்! இவ்வளவு வடிவா எழுதின பொடியன், பார்த்தால் நல்ல மதிப்பு வரும், கெதியா வேலை எடுத்துக் குடுப்பினம் எண்டு!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது வசந்திதான். பிறகு நான். கடைசியாக அண்ணையும் சிரித்தார், சிரித்தபடியே அழுதார். "அட கோதாரி, உம்மடை சோத்திலை மண்ணைப் போட்டிட்டனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் மானத்தைக் காக்கப் பார்த்தேன், அவர் என் பெயரை உயர்த்தப் பார்த்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் பெனிபிட்டைக் குழிக்குள் தள்ளியிருக்கிறோம்.

மறுநாள் காலை இருவருமாக ஜொப் சென்டருக்குப் போனோம். அண்ணை தானே கைப்பட ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வியாபாரம் படுத்ததால் நானேதான் இவரை நிறுத்தினேன், கடிதமும் நான் கேட்டுத்தான் எழுதினார் என்று இரண்டே வரி. ஒரு புகழ்ச்சியும் இல்லை. என்னை நேர்முகம் செய்த அதே அம்மாதான் இருந்தார். அதை வாசித்துவிட்டு, "இவர்தானா அந்த மிக மிக நல்ல முதலாளி?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தவணை முடிவதற்கு முன் எங்கள் விண்ணப்பம் உள்ளே போனது. அண்ணைக்கும் அன்றைக்கே பதிவு நடந்தது.

பங்குனியில் முடிவு மாறி வந்தது. நிறுத்தி வைத்ததையும் சேர்த்துத் தந்தார்கள். கவுன்சிலும் வாடகை உதவியைத் திரும்பத் தொடங்கியது. நாங்கள் வீட்டை விட்டு எழும்பவில்லை. வசந்தி காப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். முடிவு மாறி வந்த கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் கொளுத்தினோம். சந்தோசம் தாங்காமல் மூத்தவள் ஜொப் சென்டர்ப் பாட்டையே தேவாரம் மாதிரிப் பாடினாள்.

தேர் அன்று மழை. லண்டன் மழையில், தார் ரோட்டில், தேருக்குப் பின்னால் உருண்டேன். குளிர் எலும்புக்குள் போனது. ஒரு வளைவில் மூச்சு வாங்கியபோது பக்கத்தில் யாரோ முனகும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் குலம் அண்ணை, பழையபடி வந்துவிட்ட தன் வண்டி வயிற்றோடு சிரமப்பட்டு உருண்டு வருகிறார். "அண்ணை, உங்களுக்கேன் இந்த வேலை?" என்றேன். "உமக்கு மட்டுமே அம்மாள் வழி விட்டவ? பேசாமல் உருளும்" என்றார்.

இன்று நான் பஸ் ஓட்டுகிறேன். பயிற்சிக்கு அனுப்பியதும் அந்த ஜொப் சென்டர்தான். ஞாயிறுகளில் சிவமலர் அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை உண்டு. அடுத்த கதிரை குலம் அண்ணைக்கு. வேலை போனதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வருகிறவர்களை அவரிடம்தான் அனுப்புகிறோம். அவர் தன் கதையை முதலில் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு வந்தவருக்கு வெட்கம் இருக்காது.

அடியார்களே, உங்களுக்கும் ஒரு கதவு பூட்டிக் கிடக்கலாம். அம்மாளாச்சியிடம் சொல்லுங்கள். சண்டை பிடித்தாலும் அவள் கோபிக்க மாட்டாள். அதிகாரிகளிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், முதலாளியைப் புகழாதீர்கள். அவள் எந்தக் கதவால், யாருடைய காலில் வருவாள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் வருவாள்.

இதை எழுதித் தரும்படி யாரும் என்னைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டுக் கேட்கவில்லை. என் சொந்த விருப்பத்தில், முழு மனதோடும் மகிழ்ச்சியோடும் எழுதுகிறேன். இந்த முறை அது உண்மை.