லாயத்தில் வாட்டம்

1. கடிதம்

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை மூன்று முறை படித்தேன். ‘தங்கள் அறிக்கையின்படி ஆறு அறைகளிலும் தரை வாடித் தளர்ந்துள்ளதால், கட்டடத்தை உபயோகத்துக்கு ஆகாதென்று கண்டம் செய்து இடிக்கலாம்.’

நான் அப்படி எழுதவே இல்லை. ‘ஆறு அறைகளிலும் தரை வாட்டம் நன்றாக உள்ளது’ என்றுதான் எழுதியிருந்தேன். தண்ணீர் ஓடத் தரையைச் சரிவாக அமைப்பதற்குக் கட்டட வேலையில் வாட்டம் என்று பெயர். தொண்ணூறுகளின் நடுவில், அறிக்கைகளைத் தமிழில் எழுதச் சொல்லி எங்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் ஆசையாக எழுதினேன். தலைமை அலுவலகத்தில் அதைப் படித்த புண்ணியவான் சிமெண்டைத் தொட்டே பார்க்காதவர். முகவாட்டம், பயிர்வாட்டம் வரிசையில் இதையும் சேர்த்துவிட்டார். வரைவாளர் வேலையில் இருபது வருடம் கட்டடங்களை வரைந்தவன், ஒரே வார்த்தையில் ஒன்றை இடிக்கப் போகிறேனே என்று கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2. கெஸ்ட் ஹவுஸ்

அந்தக் கட்டடம் அடையாற்றங்கரையில் ஒரு பழைய தோட்ட பங்களாவின் குதிரை லாயம். பங்களா போய் அடுக்குமாடி வந்துவிட்டது. லாயம் மட்டும் மிஞ்சி, அதில் ஒரு சின்ன அரசு அலுவலகம் நடந்தது. குதிரைக்கு ஒன்று என்று ஆறு அறைகள். குதிரையின் தோல் உரசாமலிருக்கச் சுவர் முனைகளையெல்லாம் மழுக்கியிருந்தார்கள். காற்று தலைக்கு மேலே போகும்படி உயரத்தில் ஜன்னல்கள். பின்சுவரில் கருங்கல் தீனித்தொட்டி, பக்கத்தில் இரும்பு வளையம். அங்கிருந்து வாசல் வரை சீரான வாட்டம். வாசலோரம் உள்பக்கமாகக் கல் சாக்கடை. யோசித்துக் கட்டியிருந்தார்கள். அளந்த நாளிலிருந்தே அதன் மேல் எனக்கு ஒரு பிரியம்.

முதல் அறையில் கண்காணிப்பாளர் பார்த்தசாரதி. தேரோட்டியின் பெயர், உட்கார்ந்திருந்தது குதிரையின் இடத்தில். தீனித்தொட்டியில் ஃபைல் அடுக்கியிருப்பார். கதவு இரண்டு பாதியாகத் திறக்கும். மேல்பாதி வழியாகத் தலையை நீட்டி மனு வாங்குவார். அவருக்கு ஆபீஸில் கொடுத்த, காலில் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி வாட்டத்தில் உருண்டு உருண்டு வாசலுக்குப் போனதால், அதைக் கயிறு போட்டுச் சுவர் வளையத்தில் கட்டி வைத்திருந்தார்.

கடிதத்தைக் காட்டினேன். “பதில் எழுதிடலாம் சார். இது குதிரை லாயம், மூத்திரம் வடியறதுக்காக வச்ச வாட்டம்னு சொன்னா முடிஞ்சுது.”

“ஓய், வாயைக் கழுவும்! சம்பந்தியாத்துல கெஸ்ட் ஹவுஸ்ல ஆபீஸ்னு சொல்லி வச்சிருக்கேன். நீர் லாயம்னு எழுதிண்டு நிக்கறீர்!”

அவருடைய பழைய கடிதங்களிலும் ‘முன்னாள் விருந்தினர் மாளிகை’ என்றே இருந்தது. அதுதான் சிக்கல். விருந்தினர் மாளிகை என்றால் சாய்ந்த தரை கோளாறு, இடிக்க வேண்டியதுதான். லாயம் என்றால் அதே தரை சரி.

“இடிச்சா உங்க ஆபீஸ் கொட்டிவாக்கத்துக்குப் போகுது சார். கடிதத்தோட கடைசி வரியப் பாருங்க.”

அவர் முகத்தில் நிஜமாகவே வாட்டம் தெரிந்தது. பக்கத்திலேயே மந்தைவெளியில் வீடு. தினமும் பன்னிரண்டரைக்கு சைக்கிளில் போய்ச் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வருவார். “அவ்வளவு தூரத்துலேந்து மத்தியானம் ஆத்துக்கு எப்படிங்காணும் வரது?” என்றார்.

3. ஒரு பக்கெட் தண்ணீர்

இடிப்பதற்கு முன் பார்த்துவிட, மறுவாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய என்ஜினியர் நேரில் வந்தார். நான் எங்கள் கொத்தனார் அந்தோணியைக் கூட்டிப் போயிருந்தேன். சாந்தோம்காரர், யாருக்கும் பயப்படாதவர். என்ஜினியர் களைத்துப்போய் முதல் அறைக்குள் நுழைந்து, கட்டியிருந்த சுழல் நாற்காலியில் சாய்ந்தார்.

“தரை இறங்கியிருக்குன்னு ரிப்போர்ட்ல இருக்கேய்யா?” என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோணி கயிற்றை அவிழ்த்துவிட்டார். நாற்காலி அலுங்காமல் குலுங்காமல் உருண்டு, சாக்கடை விளிம்பில் வந்து நின்றது. கதவின் மேல்பாதிக்கு வெளியே மனுவோடு நின்ற அம்மாள் அவரைக் கும்பிட்டு, மனுவை நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார்.

“பாத்தியா நைனா, எவ்ளோ கரெக்டா கீது! எறங்கின தரைன்னா கோணிக்கினு போவும். இது குருத நின்ன எடம்” என்று சொல்லி, அந்தோணி பின்சுவரோரம் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டினார். ஒரு சொட்டுத் தேங்காமல் சாக்கடைக்கு வந்தது. ஆறு அறையிலும் அப்படியே.

என்ஜினியர் காலைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். “சரி, ஒத்துக்கறேன். ஆனா ஃபைல்ல கெஸ்ட் ஹவுஸ்னு இருக்கே? இங்க இருக்கறவர் லாயம்னு எழுதிக் குடுத்தா கேன்சல் பண்றேன்.”

எல்லோரும் பார்த்தசாரதியைப் பார்த்தோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது. பேனாவைத் திறந்து எழுதினார்: ‘நான் பதினோரு ஆண்டுகளாக இந்தக் குதிரை லாயத்தில் இருந்து வருகிறேன். வாட்டத்தால் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.’

கையெழுத்துப் போட்டுவிட்டு, “அந்தோணி, கயித்தைப் பழையபடி கட்டிடுப்பா” என்று சொல்லி சைக்கிளை எடுத்தார். அன்றைக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அறிக்கையில் வாட்டம் என்று எழுதினால், தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள். படிப்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள்.

லாயம் தப்பியது. நான் வரைந்திருந்த வரைபடத்தில் பார்த்தசாரதி ஒரு திருத்தம் மட்டும் கேட்டார். சம்பந்தி வீட்டுக்குக் காட்ட, தலைப்பில் ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்று போட்டு ஒரு நகல். போட்டுக் கொடுத்தேன். தரையில் வாட்டத்தைக் காட்டும் அம்புக்குறிகளை மட்டும் அழிக்கவில்லை.