மெட்டியைக் கழற்றச் சொன்னவன்

விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழிலில் பாதி. எதை உடுத்திக்கொண்டு போவது என்று சொல்லிக் கொடுப்பது மீதி. பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, பேண்டை ஒரு கையால் பிடித்தபடி செக்கிங் வரிசையில் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். நான் அப்போது நின்றதில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம். விருத்தாசலம் பாலக்கரையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் நான் காட்டிய வைகுண்டம் இதுதான்: உடம்பில் குண்டூசி அளவு உலோகம்கூட இருக்கக் கூடாது.

அரைஞாண்

கருவேப்பிலங்குறிச்சி கொளஞ்சி, பீங்கான் சூளை வேலையை விட்டுவிட்டு சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினான். மனைவி அமுதாவும் கூட வந்திருந்தாள். அவன் இடுப்பில் வெள்ளி அரைஞாண். கழற்றிவிடு என்றேன். அவன் முகம் செத்துப்போனது. செத்தவனுக்குத்தான் அதை அறுப்பது வழக்கம் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் பிடிவாதம் பிடித்தேன்.

கடைசியில் அமுதா எதிர்க்கடையில் கறுப்புக் கயிறு வாங்கி வந்தாள். அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் வெள்ளியைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். போகும்போது சொன்னான்: "உசுரோட இருக்கறவன்கிட்ட அரணாக்கொடியக் கேக்குற மொத ஆளு நீங்கதாண்ணே."

பூட்ஸ்

திருச்சி விமானநிலையத்திலிருந்து கொளஞ்சி போன் செய்தான். இயந்திரம் கத்திவிட்டதாம். நான் கழற்றச் சொன்னதையெல்லாம் கழற்றியிருந்தான். ஆனால் கம்மாபுரத்து மச்சான் சுரங்க வேலையில் போட்ட பழைய பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். அதன் மூக்குக்குள் இரும்பு.

பூட்ஸைத் தனியாக அனுப்பிவிட்டு வெறுங்காலோடு நடக்கவைத்து, அப்புறம் உள்ளே விட்டார்களாம். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போயிருக்கலாமே என்று கடிந்துகொண்டேன். "மேல ஏறி வேல செய்யணும்ல, காலுக்குப் பத்திரமா இருக்கட்டும்னு போட்டுக்கிட்டு வந்தேண்ணே" என்றான்.

மெட்டி

அவன் போன எட்டாவது மாதம் அமுதா தனியாக வந்தாள். கொளஞ்சி சாரத்திலிருந்து விழுந்துவிட்டான், தலையில் அடி, நினைவில்லை. கம்பெனியே விசா எடுத்து அவளை வரச் சொல்லியிருந்தது. பிழைப்பானா என்பது யாருக்கும் தெரியவில்லை.

அந்த நிலைமையிலும் என் பாடத்தை நான் விடவில்லை. கொலுசு வேண்டாம், தாலியில் கோத்திருக்கும் ஊக்குகள் வேண்டாம், மெட்டியும் வேண்டாம். வாசலில் வண்டி நின்றிருந்தது. மெட்டி விரலை விட்டு வரவில்லை. சோப்பு வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அழாமல் சொன்னாள்: "கல்யாணத்துல போட்டு வுட்டவரு அவருதான? அங்க போயி அவரையே மறுபடி போட்டு வுடச் சொல்றேங்க."

கைக்குட்டை

அமுதா சவப்பெட்டியோடு திரும்பினாள்.

அடுத்த வருஷம் ஒரு வேலையாக நான் முதன்முதலாக விமானம் ஏறினேன். பக்கத்துப் பெண்கள் வரிசையில் ஒரு அம்மாள் தாலி, மெட்டி, கொலுசு சகிதம் நின்றிருந்தார். இயந்திரம் கத்தியது. காவல்காரப் பெண் கைக்கருவியால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "போங்கம்மா" என்றாள். அவ்வளவுதான்.

ஒரு சான்றிதழ் நகலுக்காக அமுதா கடைக்கு வந்தபோது, மறைக்க மனசு வராமல் சொல்லிவிட்டேன்: "அத நீ கழட்டியிருக்கவே வேணாம்மா." அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "கண்ணத் தொறப்பாரு, போட்டு வுடுவாருன்னு ரெண்டு நாளு கையிலயே வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேங்க. கழட்டாம போயிருந்தா, அந்த ரெண்டு நாளாச்சும் கால்ல கெடந்திருக்கும்."

இப்போது யாராவது எதை உடுத்திக்கொண்டு போவது என்று கேட்டால், பெல்ட்டை மட்டும் பையில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு வருஷம் தாமதமாக என் வாயை மூடிக்கொள்கிறேன்.