மதினி அனுப்பிய சாம்பிள்

என் மேசைமேல் ஒரு பார்சல் இருக்கிறது. ஒரு சாண் நீளம், பழுப்புத் தாள், நாலு பக்கமும் சுற்றிய டேப். முகவரி என் கையெழுத்து. அதன்மேல் குறுக்காக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்: அனுப்பியவருக்கே திருப்பவும். பெல்ஜியம் வரை போய்விட்டு போடிநாயக்கனூருக்கே திரும்பி வந்த நூறு கிராம் ஏலக்காயும் ஒரு கடிதமும் உள்ளே இருக்கின்றன. இரண்டும் என் மதினியுடையவை.

அண்ணன் போன பிறகு போடிமெட்டுச் சரிவில் இருந்த மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தை மதினிதான் பார்த்தாள். விடிந்ததும் ஜீப்பு ஏறி, ஆட்களோடு ஆளாக நெருக்கி உட்கார்ந்து மலைக்குப் போவாள். அதைக் குத்தகைக்கு விடச் சொன்னவர்களில் நானும் ஒருவன். "ஒங்க சோலியப் பாருங்க கொழுந்தனாரே" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். பிறகு ஆன்லைனில் விற்கக் கற்றுக்கொண்டாள். ஏலத்தில் போட்டால் தன் காய் ஊர்க்காயோடு கலந்து, எந்த வீட்டுக்குப் போகிறது என்றே தெரியாமல் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இருந்து ஆட்கள் பாக்கெட் கேட்டு எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாரான நான் பதில் எழுதிக் கொடுப்பேன். "என் காய்னு பேர் சொல்லிக் கேக்குறாக பாத்தீகளா" என்று அவள் சொல்லும்போது முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரும் சின்னப் பார்சல்களுக்கு இருந்த வரிச் சலுகையை ஐரோப்பாவில் எடுக்கப்போகிறார்கள். விற்கிறவருக்காக அங்கேயே ஒரு ஆள் பொறுப்பேற்கவும் வேண்டும். அங்குள்ள பெரிய கடைக்காரர்கள் அதிகாரிகளைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டதும் இதைத்தானாம். பல நாட்டுச் சின்ன வியாபாரிகள் சேர்ந்த ஒரு சங்கத்தில் மதினியும் இருந்தாள். அவர்கள் தரப்பைச் சொல்ல பிரஸ்ஸல்ஸில் ஒரு அம்மாவை அமர்த்தியிருந்தார்கள். அதிகாரிகளைப் பார்க்கப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள, ஒவ்வொருவரும் தன் கஷ்டத்தை ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னார் அவர்.

மதினி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. மெயிலில் அனுப்பப் போனவனை அவள் தடுத்தாள்.

"சாம்பிள் இல்லாம எவன் பேச்ச எவன் கேப்பான்? காயக் கையில வச்சு, உரிச்சு, மோந்து பாக்கட்டும். அப்பறம் கடுதாசியப் படிக்கட்டும்."

போடியில் அப்படித்தான். ஏலக் கூடத்தில் சாம்பிள் கைமாறாமல் ஒரு மூட்டைக்கும் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். நானும் இந்த ஊரில் பிறந்தவன்தானே, எனக்கும் அது தப்பாகவே படவில்லை. மதினி ஒரு முறம் காயிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள், நான் கட்டி, அனுப்புநர் இடத்தில் அவள் வீட்டு முகவரியும் என் மெயிலும் எழுதினேன். பார்சலில் என்ன இருக்கிறது என்று கேட்ட கட்டத்தில் 'காகிதம்' என்று மட்டும் போட்டுவிடலாமா என்றேன். "காயக் காய்னே எழுதுங்க, நமக்கென்ன ஒளிவு" என்றாள். எழுதினேன்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் சுங்கத்தில் பிடித்து வைத்துவிட்டார்கள். உணவுப் பொருள், அதற்குரிய சான்றிதழ்கள் எங்கே என்று கேட்டு எனக்குத் தகவல் வந்தபோது சந்திப்பு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பதறிப்போய்க் கடிதத்தை மெயிலில் அனுப்பினேன். அந்த அம்மா மரியாதையாகத்தான் பதில் எழுதினார். உணவுப் பொருள் விற்கிறவர் கடிதம் ஒன்றுகூடத் தன் கையில் இல்லாமல் போயிற்று, இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எடுத்து வைத்திருப்பேன் என்று. ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் போயிருக்கும். படித்த முட்டாள் நான், அதைச் செய்யவில்லை.

"போய்ச் சேந்துச்சா?" என்று மதினி தினமும் கேட்டாள். அந்த அம்மாவின் பதில் வந்த மூன்றாம் நாள், வாய் தவறி அல்ல, தெரிந்தே சொன்னேன்: "சேந்துருச்சு மதினி. மோந்து பாத்தாகளாம். இப்பிடிக் காய் கண்டதே இல்லேன்னாகளாம்."

அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ராசிங்காபுரத்தில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மோந்து பார்த்தவர்கள் கைவிட மாட்டார்கள் என்று நம்பி, அந்த வருசம் நல்ல காய் எதையும் ஏலத்துக்கு அனுப்பாமல் ஐரோப்பா ஆர்டருக்கென்று கட்டி வைத்தாள். ஏலத்துக்கே அனுப்பிவிடுங்கள் என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பொய் வெளியே வந்துவிடுமே. சட்டம் வந்தது. ஆர்டர் ஒவ்வொன்றாக நின்றது. கட்டி வைத்த காய் பச்சை மங்கி, கடைசியில் ஏலத்தில் கேட்ட விலைக்குப் போயிற்று. அவள் பேர் ஒட்டிய பாக்கெட் பிறகு எந்த ஊருக்கும் போகவில்லை.

என் பேச்சை நம்பி நட்டப்பட்டதற்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். "காய்தானே தம்பி, அடுத்த வருசமும் காய்க்கும்" என்றாள். அதற்குப் பிறகும் வீட்டுக்கு வருகிறவர்களிடம், என்னை வைத்துக்கொண்டே, "நம்ம காய அந்த ஊர் ஆபீசருமாரு மோந்து பாத்தாகளாம்ல" என்று சொல்வாள். நான் தலையைக் குனிந்து காப்பியைக் குடிப்பேன். பாவம், நம்பிக்கொண்டே இருக்கிறாளே என்று மனசு அறுக்கும்.

அடுத்த காய்ப்புக்கு அவள் இல்லை. தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்று சாய்ந்தாள், எழவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் பீரோவை ஒழுங்கு பண்ணும்போது, சேலைகளுக்கு அடியில் இந்தப் பார்சல் இருந்தது. பிரிக்கவே இல்லை. துக்கம் கேட்க வந்திருந்த தபால்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஆமா சார், அம்மாவே கையெழுத்துப் போட்டு வாங்குனாக. அந்தச் சட்டம் கிட்டமெல்லாம் வாரதுக்கு ரொம்ப முந்தியே வந்துருச்சே. சார்ட்ட சொல்லிராதப்பா, மனசு கஷ்டப்படுவாகன்னு சொன்னாக."

அப்படியானால், காயைக் கட்டி வைத்திருந்தபோதே அவளுக்குத் தெரியும். எடுத்து ஏலத்தில் போட்டிருக்கலாம். போட்டால் ஏன் என்று ஊர் கேட்கும், என் பொய் சந்திக்கு வரும் என்றுதானே போடாமல் இருந்தாள்? அத்தனை பேரிடமும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது என் பொய்யை. என் மானத்துக்காகத் தன் காயைக் கண்முன்னே வெளுக்க விட்டிருக்கிறாள்.

இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்த பார்சலை இன்று பிரித்தேன். கடிதத்தை ஓரமாக வைத்தேன். ஒரு காயை எடுத்தேன், தோல் வெளுத்திருந்தது. நகத்தால் உரித்து மோந்து பார்த்தேன்.

"நல்லாருக்கு மதினி" என்றேன். இந்த முறை நிஜமாகவே மோந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.